நான் கேட்ட ரோடு

கொரோனா அடங்கி, பனியன் கம்பெனிகள் மறுபடியும் முழு மூச்சாக ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. எங்கள் ஊர் திருப்பூருக்குத் தெற்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரம். ஊர் நடுவே மாநில நெடுஞ்சாலை போகிறது. நெடுஞ்சாலை என்பதெல்லாம் போர்டில் மட்டும்தான். இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் டூவீலர்காரர் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குகிற இடத்தில் பள்ளம் இல்லாமல் மண் இருந்தால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

என் வீட்டுக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லாமல் போய்விட்டது. திருப்பூர் மண்ணரையில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். மழை பெய்த ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, ஊருக்கு வெளியே ஓடைப்பாலத்து வளைவில், தண்ணீர் நின்ற குழியில் அவருடைய வண்டி இறங்கிவிட்டது. அவர் விழுந்த பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்போது பின்னால் டெம்போவில் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி. கூடப் பிறந்த தம்பி இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சுமை தூக்கி, டிரைவராகி, கடைசியில் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு டெம்போ எடுத்தவர். திருப்பூர்க் கம்பெனிகளில் வெட்டிய துணிக்கட்டுகளை ஏற்றிவந்து எங்கள் ஊர் தையல் ஷெட்டுகளில் இறக்குவார். தைத்து முடித்ததைத் திரும்பக் கொண்டுபோவார். அன்றைக்கு ஏற்றியிருந்த வெள்ளைத் துணிக்கட்டுகளின் மேலேயே என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போனார். அவர் பிழைக்கவில்லை. ஆனால், அவர் ரோட்டில் அநாதையாகக் கிடக்காமல் தெரிந்த ஒரு மனுஷன் வண்டியில் போனார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்தத் துணிக்குத் தம்பி கம்பெனியில் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் என் மகள் படிப்பை முடித்துத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. ஸ்கூட்டர்தான். அதே ரோடு, அதே பாலம். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் ஊட்லயே உக்காந்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். தினமும் பொழுது சாயும் நேரத்தில் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருப்பது கீழே விழுந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள், ஊருக்கு வெளியே டோல்கேட் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊரே கொதித்துப் போனது. எதிர்ப்புக் கமிட்டி ஒன்று ஆரம்பித்தார்கள். அதில் முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டுத் தம்பி. அவர் ஒரு நாளைக்கு எத்தனையோ நடை அந்த ரோட்டில் போய் வருகிறவர். கேட் வந்தால் அவர் பிழைப்பு என்னாகும் என்று எனக்கும் புரிந்தது.

"அக்கா, வண்டி எடுக்கும்போதே ரோட்டு வரி கட்டியாச்சு. டீசல் போடும்போதெல்லாம் வரி கட்டுறோம். அந்தக் காசெல்லாம் எங்கக்கா போச்சு? ரோட்டைப் போட்டுட்டு அதுல நடக்கவும் காசு கேட்டா, நாங்க எங்க போறது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வண்டிகளில் கட்ட அவர் கறுப்புக்கொடி கேட்டபோது, கம்பெனியில் மிஞ்சிய கறுப்புத் துணியை வாங்கிவந்து நானேதான் என் மெஷினில் தைத்துக் கொடுத்தேன். நல்ல காட்டன். எதிர்ப்பாக இருந்தாலும் எங்கள் ஊரில் தரம் குறையாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் அதிகாரிகள், கீழே நாங்கள். மாப்பிள்ளை பெண் உட்காரும் சோபாவில் ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். சுவரில் ரோட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நடுவில் தடுப்பு, விளக்கு, டூவீலருக்குத் தனி ஓரம். ஓடைப்பாலத்தை இரண்டு மடங்கு அகலமாக்கி வளைவையே நேராக்கியிருந்தார்கள். எல்லோரும் டோல்கேட் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி எழுந்து நன்றாகப் பேசினார். ரோட்டோரத் தோப்புக்காரர் ஒருவர், "எங்க நெலத்தையும் எடுத்துக்குவீங்க, எங்ககிட்டயே வசூலும் பண்ணுவீங்களாக்கும்?" என்று கேட்டார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. அந்த அதிகாரி பொறுமையாக மைக்கைப் பிடித்து, அரசாங்கத்திடம் இதற்குப் பணம் இல்லை, தனியார் போட்டு வசூலித்தால்தான் உண்டு, எல்லோரும் வேண்டாம் என்றால் ஃபைல் திரும்பிப் போய்விடும், வழக்கம்போல் குழியை மூடும் பேட்ச் ஒர்க் மட்டும் நடக்கும் என்றார்.

"பேட்ச் ஒர்க்கே போதுமுங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அதற்கும் கை தட்டினார்கள்.

நான் பேசப் போகவே இல்லை. எண்ணிக்கைக்கு ஒரு ஆளாகத்தான் போனேன். ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்டதும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"பேட்ச் ஒர்க் பண்ணுன குழியிலதானுங்க எங்கூட்டுக்காரரு உழுந்தாரு. இப்ப எம்புள்ள தெனமும் அதே வழியாத்தான் போயிட்டு வருது. எனக்கு அந்தப் பாலம் வேணுமுங்க. காசு வாங்கறதுன்னா வாங்கிக்கங்க, ரோட்டைப் போடுங்க" என்றேன்.

உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்கக்கா, உங்கூட்டு ஸ்கூட்டருக்கு டோல் கெடையாதுங்க. அடுத்தவிய காசுல ரோடு கேக்கறீங்களே?"

சிரித்தார்கள். நிஜமாகவே எனக்கு அது அதுவரை உறைக்கவில்லை. டூவீலருக்குக் கட்டணம் இல்லை என்று தெரியும். ஆனால் நான் 'வாங்கிக்கங்க' என்று சொன்ன காசு எவருடைய காசு என்று யோசிக்கவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் அவர்தான் எழுந்து, "அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லாதீக. அவுக பறிகொடுத்தவுக, அவுக கேக்கட்டும்" என்று சிரித்தவர்களை அடக்கினார்.

அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. அதிகாரி மைக்கில், "பாருங்க, பாதிக்கப்பட்ட அம்மாவே கேட்கிறாங்க. பொதுமக்கள் பக்கமிருந்தே ஆதரவு இருக்கு, இதைப் பதிவு பண்ணிக்குங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் குனிந்து எழுதிக்கொண்டார். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஒரு உயிர் போன ரோட்டைச் சரி பண்ணக்கூட அரசாங்கத்திடம் காசு இல்லையா, அதற்கு எங்களை ஏன் ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிடுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மைக் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சாவை அந்த மேடையில் டோல்கேட்டுக்குச் சாட்சியாக்கிவிட்டார்கள். கூட்டம் முடிந்து அவர்கள் டீ குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். நாங்கள் அக்கம்பக்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தோம்.

அதற்கப்புறம் ஊரில் எனக்கு 'ரோட்டக்கா' என்று பேராகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றால், "ரோட்டக்கா வர்றாங்க, நாலு வழியா ஒதுங்கி நில்லுங்க" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வேறு என்ன செய்வது? தம்பி மட்டும் கேலி பேசவில்லை. மறியலுக்குப் போனார், போலீஸ் பிடித்துப் போய் ஒரு மண்டபத்தில் வைத்து சாயங்காலம் விட்டார்கள், மறுபடி போனார். என்னைக் கண்டால் 'சாப்டீகளாக்கா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

ரோடு வந்தது. டோல்கேட்டும் வந்தது. நான் ஒருத்தி பேசியதாலா வந்தது என்று மகள் கேட்பாள். இருக்காது. அவர்கள் ஏற்கெனவே முடிவு பண்ணித்தான் கூட்டம் போட்டிருப்பார்கள். ஆனால் அதை நினைத்து நான் ஆறுதல் பட்டுக்கொண்டால் அது எனக்கே வெட்கமாக இருக்கும்.

உள்ளூர்க் கார்களுக்குச் சலுகை பாஸ் கொடுத்தார்கள். கமிட்டியில் இருந்த கார்க்காரர்கள் ஒவ்வொருவராக பாஸ் வாங்கிக்கொண்டு மறியலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. கம்பெனிகள் வாடகையை ஏற்றித் தரவில்லை. கட்டுப்படவில்லை என்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கொஞ்ச நாளில் கேட்டுக்கு இந்தப் பக்கம் துணிக்கட்டு அனுப்புவதையே குறைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஷெட்டுகளிலேயே தைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் இரண்டு ஷெட்டுகளில் ஷட்டர் இறங்கியது. அதில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டால் கேலி பேசுவதையும் நிறுத்தினார்கள். கேலி எவ்வளவோ தேவலை என்று அப்போது தோன்றியது.

தம்பி டெம்போவை விற்ற அன்றைக்கு மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசுவது வாசல் வரைக்கும் கேட்டது. அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவுக தூங்குறாகக்கா" என்றார். நான் சரி என்று திரும்பிவிட்டேன். பொய் சொல்ல அந்தப் பெண் பட்ட சங்கடம் என் கண்ணிலேயே நிற்கிறது. அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு திருப்பூருக்கே போய்விட்டார்கள்.

போன ஆடி மாசம், என் வீட்டுக்காரர் பி.எஃப். சம்பந்தமாக மண்ணரைக்குப் போயிருந்தேன். ஒரு கம்பெனி வாசலில் லாரியிலிருந்து துணி ரோல்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றி ரோலைத் தோளில் வாங்கிக்கொண்டிருந்தவர் தம்பிதான். ஆரம்பத்தில் எந்த வேலை பார்க்க வந்தாரோ அதே வேலைக்குத் திரும்பியிருந்தார். அப்போது இருந்த வயசு இப்போது அவருக்கு இல்லை. பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். ரோலை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

நான் என்னவெல்லாமோ சொல்ல நினைத்து, "எப்படீங்க தம்பி இருக்கறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கேன்க்கா" என்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "பாப்பா இப்பப் பத்திரமா வந்துருதாக்கா?" என்று கேட்டார்.

"வந்துருதுங்க தம்பி."

"சரிக்கா" என்றார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா, வெறும் விசாரிப்பா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று கேட்ட கண்டக்டரிடம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் கேட்டைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டியது. வளைவு இருந்த இடம் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நல்ல ரோடு.

ஒரு வீட்டுக்கு உயிர், இன்னொரு வீட்டுக்குச் சோறு என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி எது வேண்டும் என்று எங்களையே கேட்டவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடு நான் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால், நாளைக்கே அந்த மண்டபத்தில் மறுபடி கூட்டம் போட்டால், தம்பி எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தே நான் எழுந்து அதையேதான் கேட்பேன்.