பானு போன இடங்களும் எடுத்த படங்களும்

பக்கத்து வீட்டு பானுப்பிரியா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காபியைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள். அதிலும் பாதி டம்ளர் ஆறிப்போய் என் வீட்டு ஜன்னல் ஓரத்தில் கிடக்கும். ஆவடியில் எங்கள் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீடு கோவில்பதாகை, நடந்தே போய்விடலாம். "பொறந்த ஊட்டுக்கும் புகுந்த ஊட்டுக்கும் நடுவுல ஒரு பஸ் டிக்கெட்டுக்குக்கூட வழியில்லக்கா. இது இன்னா வாழ்க்கை?" என்பாள். கேட்கிற தோரணையைப் பார்த்தால் நான்தான் அவளை இங்கே கட்டிக்கொடுத்தேன் என்று நினைப்பீர்கள்.

வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சனிக்கிழமை சாயங்காலமானால் அவளுக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். ஞாயிறு விடிந்ததும் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதலில் தனியாகத்தான் போனாள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, காதில் போட்டுக்கொள்ள அவள் ஊரில் இருந்தால்தானே! புருஷன் மனோகரனும் தடுக்கவில்லை. தொழிற்சாலையில் நல்ல பேர் எடுத்த மனிதர், விழுப்புரம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அவரே சோறு வடித்து ரசம் வைத்துவிடுவார். வாய் அதிர்ந்து ஒரு சொல் வராது. ஒரே குறை, பயம். காக்கிச் சட்டையைக் கண்டால், அது தபால்காரர் சட்டையாக இருந்தாலும், எழுந்து நின்றுவிடுவார்.

பானு போகிற இடம் எல்லாரும் போகிற இடமாக இருக்காது. மாமல்லபுரம் என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பூண்டிக்கு பஸ், அப்புறம் காட்டுக்குள் நடந்து குடியம் குகை. இன்னொரு வாரம் சதுரங்கப்பட்டினத்து இடிந்த கோட்டை. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் போய் நின்றுகொண்டு, பெயர்ப்பலகையில் தெரியாத ஊர் எது என்று பார்த்து ஏறிய நாளும் உண்டு. போன இடத்தைப் படம் எடுத்து, இணையத்தில் தனக்கென்று வைத்திருந்த ஒரு பக்கத்தில் போடுவாள். படத்துக்குக் கீழே கவிதையெல்லாம் கிடையாது. பெண்கள் போகக் கக்கூஸ் இருக்கிறதா, தாழ்ப்பாள் உண்டா, குரங்குத் தொல்லை எப்படி, திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது. அவ்வளவுதான். இதைப் படித்துத்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது. நானும் எதிர்வீட்டு விஜியும் தெருவில் இன்னும் சில பெண்களும் ஒட்டிக்கொண்டோம். டெல்லி, காஷ்மீர் என்று லீவு போட்டு ரயிலேறிப் போய்வந்தவர்கள்தான் நாங்கள். பக்கத்திலிருக்கும் பழவேற்காட்டை அவள் சொல்லித்தான் பார்த்தோம்.

வினை வெளியூரில் வரவில்லை, எங்கள் மொட்டைமாடியில் வந்தது. மழை விட்ட ஒரு காலையில் துணி காயப்போடப் போனவள் தலைக்குமேல் கூழைக்கடாப் பறவைகள் கூட்டமாகப் போவதைப் பார்த்திருக்கிறாள். போனை எடுத்து ஒரு படம் பிடித்துவிட்டாள். 'ஆவடியிலேயே பார்க்க வேண்டிய இடம்' என்று தன் பக்கத்திலும் போட்டாள். படம் அருமையான படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பறவைகளுக்குக் கீழே தொழிற்சாலைச் சுவர், காவல் கோபுரம், ஒரு ஷெட்டின் கூரை எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அந்தப் பக்கம் கேமராவைத் தூக்கக் கூடாது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வெளியாள் என்றால் சுவரைப் பார்த்ததுமே உஷாராகியிருப்பான். நாங்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பல் தேய்க்கிறோம். அவள் கண்ணில் பறவை மட்டும்தான் பட்டிருக்கிறது.

படம் ஊரெல்லாம் சுற்றிப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை மனைவியைப் போனோடு அழைத்துவரச் சொல்லி சனிக்கிழமை மனோகரனுக்குத் தகவல் வந்தது. மனிதருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "வேலை போயிடும், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்று புலம்பினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

திங்கட்கிழமை என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி ராகவன் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மீசைதான் மிரட்டல், பேச்சு மரியாதை.

"அந்த ஒரு படத்தை எடுத்துடுங்கம்மா. வேற எதுலயாவது நம்ம சுவர் விழுந்திருக்கான்னு நான் ஒரு தடவை பாத்துக்கறேன். பாத்துட்டா நீங்க போகலாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பானு போனைத் திறந்தாள். விரலால் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

மனோகரன் எழுந்து நின்று, "எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டேன் சார்" என்றார். சொன்ன தொனியில் ஒரு பெருமைகூட இருந்தது. முந்தின நாள் அவள் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கப் போன நேரத்தில் செய்திருக்கிறார். பக்கத்தையும் மூடிவிட்டார். இணையத்தில் சேமித்து வைத்திருந்ததையும் தேடிப் பிடித்துத் துடைத்துவிட்டார். அழிப்பதென்றால் மிச்சமில்லாமல் அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தொழிற்சாலையில் வகுப்பே எடுத்திருக்கிறார்களாம்.

ராகவனின் குரல் மாறியது. "வெறும் கோயில், குளம்னா எதுக்குய்யா அழிக்கணும்? எதை மறைக்கப் பாத்தீங்க?"

 எனக்கு வந்த ஆத்திரத்தில் மனோகரன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. போகாமலிருந்த வேலை போவதற்கு இந்த மனிதரே ஒரு வழியை உட்கார்ந்து உண்டாக்கியிருக்கிறார்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதென்றால் இதுதான்.

என் போனைத் திறந்து அதிகாரியிடம் நீட்டினேன். எங்கள் பெண்கள் குழுவில் பானு அனுப்பிய படங்கள் அத்தனையும் இருந்தன. விஜி கோட்டை வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நான் குகைக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாரும் படகில். ராகவன் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எதிலும் சுவர் இல்லை. இனி மாடியிலிருந்து படம் எடுக்க மாட்டேன் என்று பானுவிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் மனோகரன் முகம் தெளிந்தது. "நல்லவேளை, எல்லாம் அக்கா போன்ல இருக்கு பானு. திரும்ப அனுப்பச் சொல்லிக்கலாம்."

அவள் நின்றாள். "அதுல கீறதெல்லாம் எங்க மூஞ்சிங்க. இந்த அக்காங்க சோறு துன்ன உக்கார்ற நேரத்துல நான் தனியா நடந்து போயி எடுத்தது வேற. எனக்குன்னு எடுத்தது. அதை நான் யாருக்கும் அனுப்புல, எங்கியும் போடல."

உடன் போன எனக்கே அது அன்றுதான் தெரியும். 

"என்னென்ன படம்னு சொல்லு" என்றார் மனோகரன். அவர் கண் கலங்கியிருந்தது. பாவம், நிஜமாகத்தான் சொன்னார். "லீவு போடறேன். ஒவ்வொரு இடமா நானே கூட்டிட்டுப் போறேன். மறுபடி எடுத்துடலாம்."

"அழிக்கிறப்போ ஒண்ணையாச்சும் பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. எல்லாத்தையும் ஒண்ணா செலக்ட் பண்ணி..."

பானு கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பாத்துட்டு அழிச்சிருக்கலாம்ங்க. அதையெல்லாம் பாத்த ஆளு என்னைத் தவிர இன்னொருத்தராச்சும் நம்ம ஊட்ல இருந்திருப்பாங்க."

சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கம் நடந்தாள். அன்றைக்குத் திங்கட்கிழமை, வேலை நாள். கம்பெனிக்குப் போகிறாளா வேறெங்காவது போகிறாளா என்று தெரியவில்லை.