ஃபார்மட் செய்யச் சொன்ன நிபுணர்

கேரளத்துக் கழக்கூட்டத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்துவந்தது. சர்வர் அறை என் பொறுப்பில் இருந்தது. ஒரே பெரிய கணினிக்குள் நாலைந்து மெய்நிகர் லினக்ஸ் கணினிகளை ஓட்டலாம் என்று முதலாளி எங்கோ கேள்விப்பட்டார். அதற்கென்று ஒரு நிபுணர் வந்து சேர்ந்தார். பிரின்டரும் மவுஸும் எனக்கு மிஞ்சின.

நிபுணர் டை கட்டியிருப்பார். தான் வாங்கிய சான்றிதழ்களைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்வார். பழம்பொரி தின்ற விரலைத் துடைக்காமல் கீபோர்டைத் தொடுவார். எண்ணெய்க் கறையை வைத்தே அவர் எந்த விசைகளைத் தட்டினார் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் என்டர்தான்.

இடம் போதவில்லை என்று ஒரு மெய்நிகர் கணினிக்குப் புது டிஸ்க் சேர்த்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. டிஸ்க்கைச் சேர்த்து, ஃபார்மட் செய்து, ஒரு கோப்புறையோடு இணைத்துவிட வேண்டும். பிறகு அந்தக் கோப்புறைக்குள் போடுவதெல்லாம் புது டிஸ்க்கில் போய் உட்காரும். இதைச் செய்ய அவருக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. முடித்ததும் பிரசவம் பார்த்த டாக்டர் போல வெளியே வந்து எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தார்.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண், ஒரு கணிதப் புத்தகம் முழுவதையும் அந்தக் கோப்புறையில்தான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் இடி இடித்து மின்சாரம் போனது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது. கணினி மறுபடி துவங்கியபோது கோப்புறை காலி. பேக்கப் எடுப்பதை நிபுணர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

ஒரு சாயா குடிக்கும் நேரம்கூட அவர் யோசிக்கவில்லை. கடைசியாக வேலை செய்தவள் அவள்தான், அழித்ததும் அவள்தான் என்று கூடத்தின் நடுவில் நின்று சொன்னார். நாளை முதல் வரவேண்டாம் என்றார் முதலாளி. அவள் தான் எதையும் அழிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் வாதாட அவளுக்கு லினக்ஸ் தெரியாது. தெரியும் என்று சம்பளம் வாங்கியவருக்கும் தெரியாது.

டிஸ்க் எப்படியும் காலி, இன்னொரு முறை ஃபார்மட் செய்து சுத்தமாகத் தொடங்கலாம் என்று நிபுணர் உட்கார்ந்தார். கட்டளையைத் தட்டிவிட்டார். என்டர் ஒன்றுதான் பாக்கி. நான் கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மாஷே, இது பிரின்டர் அல்ல," என்றார் நிபுணர்.

"தெரியும். அதனாலதான் எடுத்தேன்."

புத்தகம் எங்கேயும் போகவில்லை. லினக்ஸ் துவங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று ஒரு கோப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளும். புது டிஸ்க்குக்கான வரியை அந்தக் கோப்பில் இவர் எழுதவே இல்லை. ஆகவே டிஸ்க் தனியே கிடந்தது, கோப்புறை வெறுமனே நின்றது. என்டரைத் தட்டியிருந்தால் புத்தகம் உண்மையாகவே போயிருக்கும். நான் ஒரே ஒரு கட்டளையால் டிஸ்க்கை இணைத்தேன். எல்லாப் பக்கங்களும் திரையில் வந்தன.

நிபுணர் உடனே முதலாளியிடம் திரும்பி, மீட்டுவிட்டோம் என்று கைகொடுத்தார். முதலாளியும் குலுக்கினார். ஆளுக்கேற்ற முதலாளி.

"ஃபைல் கிட்டியில்லே மோளே? இனி போய் ஜோலி நோக்கு," என்று, கோப்பு கிடைத்துவிட்ட தைரியத்தில், முதலாளி அவளை வேலைக்கு அனுப்பப் பார்த்தார்.

அவள் பையைத் தோளில் மாட்டியபடி அங்கேயே நின்றாள். "நான் அழிச்சேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேளே சார். அழிக்கலைன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்கோ," என்று நிபுணரிடம் சொன்னாள்.

அது ஒரு டெக்னிக்கல் பிரச்சினை என்று அவர் சிரித்தார். என்ன பிரச்சினை என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டின் எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்கும் அப்போதுதான் அதைக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். அவரும் பதிலுக்குக் காத்து நின்றார்.

"இந்தக் குட்டி அழிச்சில்லா. ஞான் ஒரு வரி எழுதான் மறந்நு போயி," என்றார் நிபுணர், டையிடம் சொல்வதுபோல.

"அவாளுக்கெல்லாம் கேக்கலை சார்."

இரண்டாம் முறை கூடம் முழுவதற்கும் கேட்டது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டு, அவள் நாளைக்கும் வரலாம் என்றார். அவள் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, விட்ட பக்கத்தைத் திறந்தாள். அந்த வரியை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று நிபுணர் என்னிடம் ரகசியமாகக் கேட்டபோது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.