ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

அருள்ராஜைப் போல ஒரு மடையனை நான் தில்லியில் பார்த்ததில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். "சரிக்கா" என்று சிரித்துவிட்டுப் போவான். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாளையங்கோட்டையிலிருந்து வந்த அவனுக்கு வாயே கிடையாது. ஆட்டோக்காரன் மீட்டர் போட மாட்டேன் என்றால் அதற்கும் சரி. வீட்டுக்காரர் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவித் தரச் சொன்னால் அதற்கும் சரி. முடியாது என்ற வார்த்தையை அவன் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை போலிருக்கிறது.

நொய்டாவில் ஒரு கம்பெனியில் அவனுக்கு நல்ல வேலை. எங்கள் டிரஸ்டுக்கு சனி, ஞாயிறுகளில் வருவான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். பார்வையில்லாத மாணவர்களுக்காகத் தமிழ்ப் பாடப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்து, பதிவு செய்து, இணையத்தில் போடுகிறோம். நான் அங்கே மேனேஜர். பெருக்குகிற பெண் வராத நாளில் பெருக்குவதும் நான்தான். அந்தப் பதிவுகள் எல்லாம் இருக்கிற லினக்ஸ் சர்வர் உள்ளறை மூலையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது அருளின் வேலை. சம்பளம் கிடையாது. நான் போடும் டீயும் திட்டும்தான்.

வாசிக்கிறவர்கள் பலர் இருந்தாலும் மாணவர்கள் கேட்பது லீலாவதி அம்மாவைத்தான். மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் வீடு, சொந்த ஊர் மன்னார்குடி. எல்லோருக்கும் லீலாம்மா. அவர் வாசிப்பது வாசிப்பா! பாதியில் புத்தகத்தை நிறுத்திவிட்டு, "இந்த இடம் அறுவைதான், ஆனா கேள்வி இதுலேர்ந்துதான் வரும், முழிச்சுண்டு கேளுங்கோ" என்பார். இன்னொரு இடத்தில், "இதை எழுதினவருக்கே புரிஞ்சுதோ என்னமோ" என்பார். அதையெல்லாம் வெட்டிவிடலாம் என்று யாரோ சொன்னபோது மாணவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

போன வருஷம் லீலாம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு எழுதி அழிக்கிற ஒரு சின்ன வெள்ளைப் பலகைதான் அவருக்குப் பேச்சு. மாணவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. அவர் வாசித்த பாடங்கள்தான் சர்வரில் பத்திரமாக இருக்கின்றனவே, கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பத்திரமாம், பத்திரம்! சர்வரில் ஒன்றுக்கு ஒன்று துணையாக இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. கோடையில் ஏ.சி. படுத்தபோது ஒன்று செத்தது. புதிது வாங்க டிரஸ்டிகள் கூட வேண்டும், அவர்கள் கூடினால்தானே! ஒருவர் அமெரிக்காவில் மகள் வீட்டில், இன்னொருவர் கும்பகோணத்தில் கல்யாணத்தில். பதிவு செய்கிற கம்ப்யூட்டரில் இடம் போதாததால், பாடம் சர்வருக்குப் போனதும் அங்கே அழித்துவிடுவோம். மாணவர்களிடம் இருக்குமே என்றால் அதுவும் இல்லை. புத்தகக்காரர்கள் சண்டைக்கு வரக் கூடாது என்று, கேட்கலாம் ஆனால் இறக்கிக்கொள்ள முடியாது என்கிற மாதிரி அருளே பூட்டு போட்டு வைத்திருந்தான். ஆக, மிச்சமிருந்த அந்த ஒரு டிஸ்க்கில்தான் லீலாம்மாவின் குரல் மொத்தமும்.

ஒரு நாள் சுபிக்ஷா போன் செய்தாள். காலேஜில் படிக்கும் பெண், பிறவியிலேயே பார்வை கிடையாது. தில்லியிலேயே பிறந்தவள். அவள் வீட்டில் பாதி ஹிந்திதான். தமிழை அவள் கற்றுக்கொண்டது எங்கள் பதிவுகளைக் கேட்டு. அதனால் வாயைத் திறந்தால் அப்படியே லீலாம்மா.

"அம்பிகாக்கா, லீலாம்மாவோட வரலாறு பாடம் நடுவுல நின்னு நின்னு போறது. எப்பவும் அதே எடத்துலதான் நிக்கறது. அருள் அண்ணாகிட்ட ஜல்தி பாக்கச் சொல்லுங்கோ."

அருள் முதலில் நெட் மந்தம் என்றுதான் நினைத்தான். பிறகு அந்தப் பாடத்தை சர்வருக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்துப் பார்த்தான். அதே இடத்தில் நின்று, படிக்க முடியவில்லை என்று பிழை காட்டியது. நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போது புரிந்துவிட்டது. லினக்ஸ் தனக்கு நடக்கிற ஒவ்வொன்றையும் லாக் என்கிற குறிப்பேட்டில் எழுதி வைக்குமாம். அதைத் திறந்தான். ஒரே டிஸ்க்கின் பெயர், ஒரே பிழை, வரி வரியாக. டிஸ்க்கைத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளச் சொன்னான். சோதனை பாதியிலேயே நின்றது. படிக்க முடியாத இடங்கள் எத்தனை என்று டிஸ்க்கே ஒரு கணக்கு வைத்திருக்கும். காலையில் பார்த்ததைவிடச் சாயங்காலம் அது கூடியிருந்தது.

"அப்ப ரிப்பேர் பண்ணேண்டா, உட்கார்ந்து பாத்துட்டே இருக்கே" என்றேன்.

"இப்ப ரிப்பேர் ஓட்டுனா இன்னும் கெட்டுப் போகும்கா. மொதல்ல புது டிஸ்க்குல முழுசா காப்பி எடுக்கணும். அதுவரைக்கும் இத நோண்டக் கூடாது, அணைக்கவும் கூடாது. ஓடிட்டு இருக்க வரைக்கும் ஓடும். நின்னா மறுபடி எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது."

கையிலிருந்த பென் டிரைவில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தான். கெட்ட இடம் வந்ததும் டிஸ்க் திணறி, சர்வரே கொஞ்ச நேரம் உறைந்துவிட்டது. பயந்துபோய் நகல் எடுப்பதை நிறுத்தினான். கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி எடுக்க வழி இருக்கிறது, பெரிய டிஸ்க் வந்ததும் செய்யலாம் என்றான். நான் டிரஸ்டிகளுக்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி, ஒரு வழியாக சம்மதம் வாங்கினேன். அதுவரை தளத்தை மூடிவைக்கலாமே என்றால், பரீட்சை நேரம், பிள்ளைகள் கேட்கிறார்களே என்று அதையும் திறந்தே வைத்திருந்தான்.

புது டிஸ்க் ஆயுத பூஜையன்று காலையில் வந்தது. அருள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். சர்வரை நிறுத்தாமலே மாட்டிவிடலாம், மத்தியானமே நகல் எடுக்க ஆரம்பிக்கலாம் என்று கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். நான் பூஜைக்காக மைக்குகளையெல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது படியேறி வந்தார் லீலாம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஆபீஸுக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கழுத்தைச் சுற்றி ஒரு துணி, கையில் பலகை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெற்றிலை இல்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்கு இறங்கிப் போனேன்.

நான் திரும்பி வருகிறேன், உள்ளறையில் சத்தமே இல்லை. சர்வரின் விளக்கு எரியவில்லை. அதன் நெற்றியில் குங்குமம், பக்கத்தில் டப்பாவோடு புது டிஸ்க், அதற்கும் குங்குமம். லீலாம்மாவின் பலகையில் இன்னும் அழிக்காமல் இருந்தது: "எனக்கே ஆஸ்பத்திரில படுக்கை கிடைச்சுது. உடம்பு சரியில்லாத அதுக்கு இன்னிக்கு ஒரு நாளாவது ஓய்வு குடேண்டா. புதுசையும் பூஜைல வை. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள், ஆரம்பி."

அருளைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அணைக்கக் கூடாது, அணைக்கக் கூடாது என்று வாரம் முழுக்க என் உயிரை வாங்கியவன், அவனே தன் கையால் அணைத்திருந்தான்! லீலாம்மா ஆசையாகக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் என்ன கத்த முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டல் கொடுத்தேன்.

மறுநாள் பட்டனை அழுத்தினான். காற்றாடி சுற்றியது. உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே சர்வருக்குத் தெரியவில்லை. மறுபடி அழுத்தினான். அதே டக், டக். அருள் டிஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நேரு ப்ளேஸில் கெட்ட டிஸ்க்கிலிருந்து விஷயங்களை மீட்கிற ஆரிப் என்பவரிடம் கொண்டுபோனோம். நல்ல மனுஷர். தன்னால் ஆன மட்டும் பார்த்தார். கடைசியில், "சாரி தம்பி. உள்ளே தட்டே கீறிப் போயிருக்கு" என்று ஹிந்தியில் சொல்லி, மீட்டதைத் திரையில் காட்டினார். பாடங்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. திறந்தால் ஒன்றிலும் சத்தம் இல்லை. மற்றவர்கள் வாசித்ததை மறுபடி வாசிக்கலாம். லீலாம்மாவை என்ன செய்வது?

அன்றைக்கு பஸ்ஸில் நான் அவனைத் திட்டவில்லை. அவன்தான் பேசினான். "அக்கா, பூஜைக்கு முன்னாடியே அது செத்துப் போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிருதேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க. அவங்க தாங்க மாட்டாங்க." நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் போய்ச் சொன்னான். முந்தின நாளே டிஸ்க் போய்விட்டது, விளக்கு மட்டும்தான் சும்மா எரிந்துகொண்டிருந்தது என்று சொன்னான். லீலாம்மா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். பிறகு பழையபடி ஆபீஸுக்கு வந்து, மற்றவர்கள் வாசிப்பதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி தாண்டி ஒரு சனிக்கிழமை சுபிக்ஷா ஆட்டோ பிடித்துத் தானாகவே வந்துவிட்டாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"டிஸ்க் போனா போகட்டும் அக்கா. லீலாம்மாவைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கோ. நான் வேணா அவா ஆத்துக்கே போய்க் கேக்கறேன்."

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். லீலாம்மா அவளுக்கு எதிர் நாற்காலியில்தான் இருந்தார், பக்கத்தில் அருள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டேன். ஆபரேஷனை, குரல் போனதை, அவர் இதே அறையில் உட்கார்ந்திருப்பதை. சுபிக்ஷா கையை நீட்டினாள். லீலாம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அவரால் பேச முடியாது. அவர் எழுதுவதை இவளால் பார்க்க முடியாது. இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

சுபிக்ஷாதான் மெல்லப் பேசினாள். "ஆயுத பூஜை அன்னிக்குக் காலம்பற கூட உங்களைக் கேட்டேனே அம்மா. நின்னு போற அந்தப் பாடம் இல்ல, பாண்டியர் பாடம். நன்னா ஓடித்து. ஒரு தடவை கூட நிக்கல."

லீலாம்மாவின் முகம் மாறியது. திரும்பி அருளைப் பார்த்தார். கையை விடுவித்துக்கொண்டு பலகையில் வேகமாக எழுதினார்: "அன்னிக்குக் காலைல ஓடித்தா? அப்போ நான் அணைக்கச் சொன்னதாலதான் போச்சா?"

பேனாச் சத்தம் சுபிக்ஷாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். "அம்மா என்ன எழுதறா? படிங்கோ அண்ணா."

அருள் பலகையை ஒரு தடவை பார்த்தான். "நல்லாப் படிம்மா, பரீட்சைய நல்லா எழுதுன்னு எழுதியிருக்காங்க."

சுபிக்ஷா தலையை ஆட்டினாள். "இல்லண்ணா. அம்மா அப்படியெல்லாம் சொல்லவே மாட்டா."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பலகையில் இருந்ததை அப்படியே படித்தான். படித்துவிட்டு, "ஆமாம்மா" என்றான்.

லீலாம்மா அழித்துவிட்டு எழுதினார். அருள் படித்தான். "அணைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமோன்னோ? ஏண்டா வேண்டாம்னு சொல்லல?"

இதைத்தான் நானும் அவனிடம் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். ஒரு தடவைகூட அவன் பதில் சொன்னதில்லை. இப்போது சொன்னான்.

"நான் வேதக்காரப் பயல்லா அம்மா. பூஜைக்கு அணைக்க மாட்டேன்னு நான் சொன்னா, இவன் கிறிஸ்தவன், அதான் சொல்லுதான்னு நீங்க நெனச்சிருவீங்களோன்னு பயந்துட்டேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து மொத மொதல்ல கேக்கீங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

பாவி! அத்தனை பேரின் பாடத்தையும், அந்தக் குரலையும், இந்த ஒரு கூச்சத்துக்காகவா கொடுத்தான்? எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

லீலாம்மா பலகையை மறுபடி அழித்தார். பிறகு ஒரே ஒரு வரி எழுதி, பலகையை என் பக்கம் காட்டாமல், அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். சுபிக்ஷா காத்துக்கொண்டிருந்தாள். அதையும் அவன்தான் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷம் பழகி, என்னை அவ்வளவுதான் தெரிஞ்சுண்டியாடா?"