துணி எழும்பும் இடம்

வீரபாண்டியிலிருந்து அருள்புரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை. மதியம்வரை ஒரு காம்பாக்டிங் பட்டறையில் வேலை. துவைத்தால் சுருங்காமலிருக்க, பனியன் துணியைச் சூட்டில் நீளவாக்கில் நெருக்கித் தள்ளும் மெஷின் அது. அளவு மீறினால் துணி மடிந்து கோடு விழும். எது அளவு என்று யாருக்கும் தெரியாது. விழுந்த பிறகு திட்டு மட்டும் கிடைக்கும். அன்றும் கிடைத்தது, கிளம்பிவிட்டேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். அதன் பிறகு விட்ட வேலைகள் நிறைய.

சாலையோர ஷெட் ஒன்று திறந்திருந்தது. தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். ஒரு பெண் மேசைமேல் கிடந்த பனியன் துணித் துண்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவராம். நெருக்கினால் துணி எங்கே மடியும் என்பதைக் கணக்குப் போட்டு முன்னாலேயே சொல்லலாம் என்றார். தண்ணீரைக் குடித்த பிறகும் நான் நகரவில்லை.

சற்று நேரத்தில் ஷெட் முதலாளி பார்க்க வருவார் என்றார். கணக்கு சரியாக இருந்தால் தன் காம்பாக்டிங் மெஷினில் ஓட்டிப் பார்க்க விடுவார். இல்லையென்றால் நாளைக்கே ஷெட்டைக் காலி செய்து துணி ரோல் அடுக்கப்போகிறார். அந்தப் பெண் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இதுதானுங்களா அம்மிணி?” என்றபடியே உள்ளே வந்த முதலாளி துண்டை எடுத்தார். ஒரு ஓரத்தை இரு கையாலும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப வைத்தார். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூட இழுத்துப் பார்ப்பார்கள். அதனால் எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் திரையில் நடுவில் மேடிட்ட ஒரு கோடு இருந்தது. துணி நடுவில்தான் எழும்பும் என்பது அவர் கணக்கு. அவர் துணியின் ஒரு முனையை மேசைமேலிருந்த பிடிப்பானில் கவ்வவிட்டு, மறுமுனையைத் திருகால் மெல்லத் தள்ளினார். துணி படிந்தபடியே நெருங்கியது. பிறகு சட்டென்று எழும்பியது. நடுவில் அல்ல, ஓரத்தில்.

“கணக்கு பெயிலுங்களா?” என்றார் முதலாளி.

அந்தப் பெண் முகம் வாடிப்போய்த் துணியையே பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏனுங்க, இதை இழுத்தீங்களா?”

“இழுக்கலீங்க. சும்மா பார்த்தேன்.”

“நீங்க பார்த்ததுலதாங்க அந்தப் பக்கம் தளர்ந்துபோச்சு.” புதிய துண்டு ஒன்றை நீட்டினார். “இதையும் பாருங்க. எங்க வேணும்னாலும், எவ்வளவு வேணும்னாலும்.”

முதலாளி சிரித்துக்கொண்டே ஓர் இடத்தில் பலமாக இழுத்தார். அந்தப் பெண் நீண்ட பகுதியை ஸ்கேலால் அளந்து, கம்ப்யூட்டரில் தட்டினார். திரையில் மேடு நகர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. அதே இடத்தைத் துணியின் மேல் சாக்பீஸால் குறித்தார்.

திருகு சுற்றியது. துணி படிந்திருந்தது, இன்னும் படிந்திருந்தது. பிறகு, சாக்பீஸ் கோட்டை உச்சியில் தூக்கிக்கொண்டு, திரையில் சாய்ந்த பக்கமே சாய்ந்து எழுந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மெஷின் ஓரம் நின்று நான் பார்த்த மடிப்புகளெல்லாம் நேரம் சரியில்லாமல் வருபவை என்றே நம்பியிருந்தேன். இங்கே ஒருவர், இன்னும் வராத மடிப்புக்கு இடம் குறித்து வைத்திருந்தார். எந்தக் கை எங்கே பட்டது என்பதும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிட்டது.

“எங்கூட்டுல கூட என்னை இவ்வளவு கரெக்டாப் புடிச்சதில்லீங்க அம்மிணி,” என்றார் முதலாளி. “காலைல மெஷின் சும்மாதான் இருக்கும். ஓட்டுங்க.”

“மெஷினுக்குள்ள துணி விட ஆள் வேணுங்களே,” என்றார் அந்தப் பெண்.

“அந்த வேலை எனக்குத் தெரியுங்க,” என்றேன். இருவரும் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரவு ஷெட் வாசலிலேயே படுத்தேன். மறுநாள் காலை அந்த மெஷினில் துணி விடும் வேலைக்குச் சேர்ந்தேன். ரோலை யாரும் இழுத்துப் பார்க்காமல் காப்பதும் என் வேலை என்றார் அந்தப் பெண். முதலில் என் கைகளைத்தான் காவல் காக்க வேண்டியிருந்தது.