கயிறு மஹ்ரூப் மாற்றிச் சொன்ன சொல்

மஹ்ரூபுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் கயிறு மஹ்ரூப். மாத்தளைப் பக்கம் யட்டவத்தயிலிருந்து மேலே ஏறும் பாதையில், ஒரு பள்ளிவாசலும் அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் வயல்களுமாக இருப்பது எங்கள் ஊர். அறுபத்திரண்டாம் ஆண்டு விவசாயத் திணைக்களத்தில் ஊருக்கு இரண்டு பேராக விவசாயிகளைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். புதிய முறைகளைப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவனும் நானும் போனோம். அவன் படிக்கப் போனான். நான் நாலு நாள் சும்மா சோறு கிடைக்குமென்று போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை யாரும் பெரிய ஆளாக நினைத்துவிடக் கூடாது.

சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றோடு அவன் ஊர் திரும்பினான். கயிற்றைப் பிடித்து வரிசையாக நாற்று நட வேண்டுமாம். விதையை வீசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற ஆட்கள் நாங்கள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

"மஹ்ரூப், வயலக் கட்டி எங்க இழுத்துட்டுப் போகப் போறீங்க?"

"ஒங்க வீட்டு வாசலுக்குத்தான். நெல்லோட வந்து நிக்கும் பாருங்க" என்பான். அவனுக்குக் கோபமே வராது. எனக்கு அதைப் பார்த்தால்தான் கோபம் வரும்.

அவன் பேச்சைக் கேட்டு முதலில் வயலைக் கொடுத்தவள் ஹவ்வா. கணவன் காய்ச்சலில் மௌத்தாகி இரண்டு வருடம். ஒரு ஏக்கருக்கும் குறைவான வயலும், நூருன்னிஸா என்ற எட்டு வயது மகளும்தான் அவளுக்கு உலகம். மஹ்ரூப் அவளைத் தங்கச்சி என்பான், அவள் அவனை நானா என்பாள். உடன்பிறப்பு இல்லை, ஆனால் அதற்குக் குறைவும் இல்லை. அந்தப் போகம் அவள் வயலில் ஒன்றுக்கு இரண்டாக விளைந்தது. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டு கயிறு கேட்டு அவன் வீட்டுக்குப் போயிற்று.

அடுத்த பெரும்போகத்தில் பூச்சி விழுந்தது. பயிற்சியில் இதற்கு ஒரு தெளிப்பு சொல்லித் தந்திருந்தார்கள். போதனாசிரியர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் மூன்று தரம் "வஸ, வஸ, வஸ" என்றார். வஸ என்றால் நஞ்சு. எனக்கும் விளங்கியது, அவனுக்கும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் நிற்கும்போது மஹ்ரூப் எழுந்து சொன்னான்: "இது நஞ்சு. பூச்சியக் கொல்லும். கவனமா அடிக்கணும்."

"நம்ம புள்ளைங்க திங்கிற நெல்லுல நஞ்ச ஊத்தச் சொல்றியா?" என்று கேட்டார் புஹாரிக் காக்கா. பேச்சு அதோடு முடிந்தது. ஒருவரும் வயலைக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தால் அங்கங்கே கதிர்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. அவன் அழாத குறை. நான்தான் வாயைத் திறந்தேன்.

"மச்சான், ஒங்களுக்குப் பேசத் தெரியா. நஞ்சுண்டு சொன்னா யாரு வருவாங்க? மருந்துண்டு சொல்லுங்க. நெல்லுக்கு நோய், இது மருந்து. முடிஞ்சிச்சி."

"அது பொய் இல்லியா?"

"நோய்க்குக் குடுக்கிறது மருந்துதானே. இதுல என்ன பொய்?"

அடுத்த வெள்ளி அவன் மருந்து என்றான். ஊரே வயலைத் திறந்துவிட்டது. விளைச்சல் தப்பியது. அந்தச் சொல் என்னுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருமையை அவனுக்கு விட்டுக்கொடுத்த நல்லவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

வீட்டில் ஆண் இருந்த பெண்களுக்கு அது நஞ்சு என்ற முதல் வெள்ளியின் பேச்சும் போய்ச் சேர்ந்திருந்தது. ஹவ்வாவுக்குப் பள்ளிவாசல் பேச்சைக் கொண்டுவந்து சொல்ல ஆளில்லை. அவள் வயலுக்கு மஹ்ரூப்தான் தெளித்தான். மிச்சத்தைப் போத்தலில் அடைத்து, கூரை இடுக்கில் சொருகி, "தங்கச்சி, பூச்சி மருந்து. இன்னொரு தரத்துக்கு ஆகும், பத்திரமா வைங்க" என்று சொன்னான்.

மாத்தளையில் ஹவ்வாவின் தம்பிக்குக் கலியாணம் வந்தது. போன தரம் போனபோது பிள்ளையின் தலையில் பேன் ஊர்கிறது என்று யாரோ மாமி பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாள். இந்தத் தரம் அந்தப் பேச்சு வரக் கூடாது என்பது ஹவ்வாவின் ரோஷம். பேனும் பூச்சிதானே, போத்தலில் இருப்பது பூச்சி மருந்துதானே. காலையில் பிள்ளையை வாசலில் உட்காரவைத்து, தலை நிறையத் தேய்த்து, துணியால் இறுக்கிக் கட்டினாள். பிள்ளை தலை சுற்றுகிறது என்றது. மருந்து பிடித்தால் அப்படித்தான் என்று பாயில் படுக்கவைத்தாள். நல்ல தூக்கம் தூங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கலியாணச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

வயலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த மஹ்ரூப் வாசலிலேயே அந்த வாடையைப் பிடித்துவிட்டான். துணியைப் பிய்த்தான். தண்ணீரை ஊற்றிக் கழுவினான். வாயில் நுரை வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். யட்டவத்த கடைத்தெரு வருவதற்குள் அவன் நின்றுவிட்டான். ஏன் நிற்கிறான் என்று நான் கேட்கவில்லை.

நாற்பது நாள் அவன் கயிற்றைத் தொடவில்லை. நாற்பத்தோராம் நாள் ஹவ்வா வீட்டுக்குப் போகிறேன் என்றான். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். ஆறுதலுக்கென்று நினைக்காதீர்கள். என் பெயரைச் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

ஹவ்வா கதவில் சாய்ந்து நின்றாள். அவளே கேட்டாள்.

"நானா, அது நஞ்சுண்டு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் மருந்துண்டு சொன்னீங்க?"

நான் அவன் வாயையே பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான் மாத்திச் சொன்னேன் தங்கச்சி. வேற யாருமில்ல."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகும் அவன் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு பல்லேகமவுக்குப் போனான், பஸ் இல்லாத நாளிலும் வில்கமுவவுக்குப் போனான். எங்கே போனாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "இது நஞ்சு. இத மருந்துண்டு சொல்லி ஒரு புள்ளயக் கொன்னவன் நான்." தமிழிலும் சொல்வான், சிங்களத்திலும் சொல்வான். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒவ்வொரு தரமும் நான் வாய் திறக்க இடமிருந்தது.

எழுபத்தைந்தாம் ஆண்டு அவன் மௌத்தானான். ஜனாஸா போன பிறகு ஹவ்வா என்னிடம் வந்தாள்.

"கடைசி வரைக்கும் அவர மன்னிக்க எனக்கு மனசு வரல்ல, நுஹ்மான் நானா. அல்லாஹ் என்னைக் கணக்குக் கேப்பானா?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கேட்க மாட்டான் என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளை போன பிறகு, மஹ்ரூப் உயிரோடிருந்த வரைக்கும் அவள் வீட்டிலிருந்து அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் போனதில்லை. எனக்கு ஒவ்வொரு நோன்புக்கும் அவள் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். நான் அதைக் குடிக்கிறேன்.