சகாயசெல்வியின் வியாழக்கிழமை

“முழுங்கிட்டியா? வாயத் தொற. நாக்க மேல தூக்கு. பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுரும்டி.”

சாணார்பட்டிப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் வியாழன்தோறும் இந்தக் குரல் கேட்கும். நர்ஸ் சகாயசெல்வி கொடுக்கும் நீல நிறச் சத்து மாத்திரையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தவளுக்குத் தம் டிபன் பாக்ஸிலிருந்து இட்லியைப் பிட்டுக் கொடுத்த பிறகுதான் மாத்திரை. கீழிமையை இழுத்துப் பார்த்தே ரத்தசோகையைச் சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. “ஏங் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது” என்பார்.

பன்னிரண்டாம் வகுப்பு தமிழ்மதியிடம் மட்டும் அவர் அதட்டல் எடுபடவில்லை. மஞ்சள்காமாலை என்று மாதக்கணக்கில் லீவு போட்டுவிட்டு வந்தவள். வந்ததிலிருந்து, மாத்திரை போட்டு நகரும்போதெல்லாம் சீருடையின் முன்புறம் நனைந்திருக்கும். “தண்ணியில பாதிய மேல ஊத்திக்கிறியே, வாய் எங்க இருக்குன்னே தெரியாதா?” என்பார் சகாயசெல்வி. வரிசையே சிரிக்கும். தமிழ்மதியும் சேர்ந்து சிரிப்பாள்.

போன வாரம் அவள் முறை வந்தபோது குடத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தது. டம்ளர் அவள் கைக்கே வரவில்லை. சீருடை நனைந்திருந்தது.

சகாயசெல்வி அந்த ஈரத்தை உற்றுப் பார்த்தார். தாய்ப்பால். காமாலையாவது ஒன்றாவது! மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இத்தனை வாரமும் ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்தோமே என்று தம்மேலேயே ஆத்திரம் வந்தது.

“புள்ளை எங்கடி?”

“பஸ் ஸ்டாப்புல அம்மா வச்சிருக்கு. மத்தியானம் போயி பால் குடுத்துட்டு வந்துருவேன். பத்தாவது முடிஞ்ச லீவுலயே மாமனுக்குக் கட்டி வச்சுட்டாங்க சிஸ்டர். டீச்சர்ட்ட சொல்லிறாதீங்க, டி.சி. குடுத்துருவாங்க. பரீட்சை மட்டும் எழுதிக்கிறேன்.”

சகாயசெல்வி தம் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

“எவ டி.சி. குடுக்குறான்னு நானும் பாக்குறேன். நீ பரீட்சை எழுதுவ. கட்டி வச்சவங்களப் பத்திச் சொல்ல வேண்டிய எடத்துல நான் சொல்லாம விடமாட்டேன்.”

வெள்ளைக் கோட்டை அவள்மேல் போர்த்தி, “இங்கயே இரு, புள்ளைய நான் தூக்கியாறேன்” என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் பள்ளிக் கேட்டைத் தாண்டி நடந்தார். நர்ஸைக் கண்டதும் பஸ் ஸ்டாப்பில் இருந்த தமிழ்மதியின் அம்மா குழந்தையை முந்தானைக்குள் இழுத்து மூடினாள். சகாயசெல்வி அவளெதிரே நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார்.