கப்பல் தளத்து முகம் தெரியும் அளவுக்கு

என் மனைவி பிரசவத்துக்காக நாகப்பட்டினம் புறப்பட்ட அன்று, நான் வேறு யாருக்கோ கையசைத்தேன். அந்தத் தீபாவளிக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையில் சிவப்புக் கட்டம் போட்ட சேலை ஒன்றுதான் நிறைய வந்திருந்தது. என் மனைவி உட்படப் பாதிப் பெண்கள் அதையே உடுத்தினார்கள். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் நடுநீரில் நின்றது. தளத்தின் பின்கோடியில் தெரிந்த சிவப்பைப் பார்த்துக் கையசைத்தேன். அதுவும் பதிலுக்கு அசைத்தது. ஊர் சேர்ந்ததும் மனைவி எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: 'நான் முன்பக்கம் நின்றேன். நீங்கள் கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை.' என் பதில் போய்ச் சேருமுன் தந்தி வந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அதற்குப் பிறகு கனவில் மனைவி வந்ததில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்தான் வருவாள். நான் கையை இறக்கும்வரை அவளும் இறக்கமாட்டாள்.

கிராணியாகக் கணக்கெழுதிவந்த எனக்கு நான்கு வருஷம் சமைத்துப் போட்ட என் தங்கைக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமானது. அவள் மாமா குடும்பத்தோடு கப்பலேறுவதாக ஏற்பாடு. இந்த முறை தவறக்கூடாது என்று, கோலாலம்பூரில் பழைய சாமான் விற்கும் பாய் கடைக்குத் தூரக்கண்ணாடி வாங்கப் போனேன். ரப்பர் விலை விழுந்து சீமைக்குத் திரும்பிய துரைமார்கள் விட்டுப்போனவை அங்கே மூன்று இருந்தன.

"என்னா கிராணியாரே, குருவி பாக்கவா, குதிர பாக்கவா?"

"கப்பல் பாக்க, பாய்."

"கப்பலுக்கு எதுக்குலா கண்ணாடி? அது யானை மாதிரி நிக்குமே!"

"கப்பல இல்ல. அதுல நிக்கிற ஆள."

பாய் பெரியதை எடுத்து நீட்டினார். "அப்போ இதான். நிலாவுல பாட்டி வடை சுடறதே தெரியும். எத்தன வடைன்னு எண்ணிக்கலாம்."

கடை வாசலில் நின்று, எதிர்ச் சாரியின் கோடியிலிருந்த பெயர்ப்பலகையை ஒவ்வொன்றிலும் படித்துப் பார்த்தேன். நூறு எண்ணும்வரை கையை இறக்கவில்லை. பெரியதில் எழுத்துகள் மிக அருகே வந்தன. ஆனால் அறுபதுக்குள் கை நடுங்கி எழுத்தெல்லாம் துள்ளின. விலையும் எனக்கு எட்டாது. நாடகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி கோட்டுப் பையில் அடங்கியது. பலகை பலகையாகவே தெரிந்தது. நடுத்தரமானது ஆறு மடங்கு பெரிதாக்குவது. நூறு எண்ணியும் எழுத்து அசையவில்லை. ஓரத்தில் தோல் உரிந்திருந்ததால் பாய் விலையைக் குறைத்தார். அதையே வாங்கினேன்.

மருத்துவச் சோதனைக்காக அவர்கள் முந்தின நாளே துறைமுகம் போக வேண்டியிருந்தது. ரயிலில் ஏற்றிவிட்டபோது, "லீவு கிடைச்சா வரேன்," என்றேன்.

"கிடைக்கலன்னாலும் வாங்கண்ணா. அண்ணி மாதிரி என்னையும் தேட விட்டுறாதீங்க."

லீவு கிடைத்தது. போனேன். பயணிகளைப் படகுகளில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றி முடித்திருந்தார்கள். முன்கோடியிலிருந்து முகம் முகமாகப் பார்த்து வந்தேன். ஏணிக்குப் பக்கத்தில் நின்றாள் தங்கை. மூக்குத்தி தெரிந்தது. கன்னத்தில் ஒட்டிய முடி தெரிந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு என் மூச்சு சீராக வந்தது.

அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசைகிற கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பார்வை என்னிடம் வந்தது, தாண்டிப் போனது. என் இரண்டு கைகளும் கண்ணாடியில் இருந்தன.

ஒரு கையை எடுத்தேன். கண்ணாடி சரிந்து அவள் முகம் போய்விட்டது. இறக்கிவிட்டால் அசைக்கலாம், ஆனால் இறக்கினால் அவள் மறுபடியும் ஒரு புள்ளி. எந்தப் புள்ளிக்கு அசைக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையை மறுபடி கண்ணாடிக்கே கொண்டுபோனேன். அவள் வாய் "அண்ணா" என்று திறந்து மூடியதைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். கப்பல் திரும்பி அவளை மறைக்கும்வரை பார்த்தேன்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. கல்யாணம் நன்றாக நடந்ததாக எழுதியிருந்தாள். அடியில்: 'அன்று லீவு கிடைக்கவில்லையா அண்ணா? கரையில் கையசைத்த எல்லாரையும் பார்த்தேன்.'

கிடைக்கவில்லை என்று பதில் எழுதினேன்.